ராஜப்பிரமுகர் முதல் பிரதேசக் கமிட்டி வரை: ஹைதராபாத் கண்ட ராஜ்ய அமைப்புகள்

ஒரு கூட்டாட்சி நாட்டில் ராஜ்ய சர்க்கார் என்பது எத்தகைய அமைப்பு என்று கேட்டால், கவர்னர், முதன் மந்திரி, மந்திரி சபை, சட்டசபை, ஹைக்கோர்ட்டு என்று வரிசையாகச் சொல்லி விடலாம். பள்ளிப் பாடப் புத்தகமும் அவ்வளவே சொல்லும். ஆயினும் இவ்வுறுப்புகள் எல்லாம் முறைப்படி அமைந்திருந்தும், ஒரு ராஜ்யத்தின் ஒரு பகுதி மக்கள் தம்மை அந்த ராஜ்யத்தின் பங்காளிகளாகக் கருதாமற் போவது உண்டு. அது ஏன் என்னும் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் விடை கிடைப்பதில்லை. வரலாற்றில்தான் தேட வேண்டும். அவ்வாறு தேடுவதற்கு ஹைதராபாத்தைக் காட்டிலும் தக்க இடம் இந்தியாவில் வேறில்லை எனலாம். ஒரு மனிதரின் ஆயுட்காலத்திற்குள் இந்நகரம் நிஜாமின் தலைநகராகவும், ராணுவ கவர்னரின் இருப்பிடமாகவும், ‘பி’ பிரிவு ராஜ்யமொன்றின் தலைநகராகவும், ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராகவும், பின்னர் ஒரே சமயத்தில் இரு ராஜ்யங்களுக்குப் பொதுத் தலைநகராகவும், முடிவில் தெலுங்கானா ஒன்றற்கே உரிய தலைநகராகவும் இருந்து வந்துள்ளது. 1913-இல் முற்றுப் பெற்ற அழகிய டவுன் ஹால் கட்டடமே பிற்காலத்தில் சட்டசபையின் இல்லமாயிற்று. அதன் வெண்ணிறக் கூம்புகள் அன்று போலவே இன்றும் நிற்கின்றன. அதனுள் அமர்ந்தோரின் அதிகாரத்துக்கு ஆதாரமான சட்டம் மட்டும் மீண்டும் மீண்டும் மாறியது.

நிஜாம் ஆட்சியில் நிர்வாகமே இல்லை, தனி மனிதர் விருப்பமே ஆட்சி செய்தது என்று கருதுவோர் உளர். அது பாதி உண்மை. 1853 முதல் 1883 வரை திவானாக விளங்கிய முதலாம் சாலார் ஜங், வரி வசூலைக் குத்தகைக்கு விடும் பழைய வழக்கத்தை ஒழித்து, 1865-இல் ‘ஜில்லாபந்தி’ என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தார். நாடு ஜில்லாக்களாகவும், ஜில்லாக்கள் தாலூகாக்களாகவும் பிரிக்கப்பட்டன. சில ஜில்லாக்கள் சேர்ந்து ஒரு ‘சுபா’ ஆயிற்று. நம் பக்கத்தில் கலெக்டர் என்று வழங்கும் அதிகாரிக்கு இங்கே ‘அவ்வல் தாலூக்தார்’ என்று பெயர். ஜில்லா, தாலூகா, தாசில்தார் என்ற சொற்களைத் தமிழ்நாட்டு மக்களும் தம் சொற்களைப் போலவே பேசி வருகின்றனர் அன்றோ? அவை நம்மிடம் வந்ததும் இத்தகைய பாரசீக நிர்வாக வழக்கிலிருந்தே.

1893-இல் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ‘கானூன்சா முபாரக்’ என்னும் ஆட்சி விதிகளை வெளியிட்டு, மந்திரி சபை ஒன்றையும் சட்ட நிருமாண சபை ஒன்றையும் ஏற்படுத்தினார். 1919-இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் நிர்வாகக் கவுன்சில் ஒன்றை அமைத்து, சர் அலி இமாமை அதற்குத் தலைவராக நியமித்தார். துறைகள் இருந்தன, துறைகளுக்குப் பொறுப்பான மந்திரிகளும் இருந்தனர். ஆனால் அப்பொறுப்பு யாருக்கு என்பதே கேள்வி. சட்ட சபைக்கோ மக்களுக்கோ அன்று, நிஜாம் ஒருவருக்கே. அவர் பிறப்பிக்கும் ‘பர்மான்’ ஒன்று எந்தச் சட்டத்தையும் ஆக்கவும் அழிக்கவும் வல்லதாயிருந்தது. மேலும், நாட்டின் நிலம் முழுவதும் சர்க்காரின் நேரடி ஆட்சியில் இருந்ததும் இல்லை. ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு ஜாகீர்தார்களிடமும், பத்தில் ஒரு பங்கு ‘சர்ப்-எ-காஸ்’ என்ற பெயரில் நிஜாமின் சொந்தச் சொத்தாகவும் இருந்தன. பெரிய ஜாகீர்தார்கள் தம் எல்லைக்குள் தாமே போலீசும் நீதிமன்றமும் வைத்திருந்தனர். சர்க்காருக்குள் பல சிறு சர்க்கார்கள் எனலாம்.

எனினும் தனி நாட்டுக்குரிய அடையாளங்கள் யாவும் ஹைதராபாத்துக்கு இருந்தன. தனி நாணயம் இருந்தது. ‘ஹாலி சிக்கா’ ரூபாய் ஏழு கொடுத்தால் இந்திய ரூபாய் ஆறு கிடைக்கும். தனித் தபால் தலை, தனி ரயில்வே, தனிப் படை, உருது மொழியைப் பயிற்சி மொழியாகக் கொண்டு 1918-இல் தோன்றிய உஸ்மானியா சர்வகலாசாலை ஆகியனவும் இருந்தன. இவற்றுடன் பின்னாளில் பெரும் புயல்களுக்குக் காரணமான ஒரு விதியும் சேர்ந்தது. ‘முல்கி’ என்றால் நாட்டினர் என்று பொருள். வடநாட்டிலிருந்து படித்தவர்கள் வந்து உத்தியோகங்களில் நிரம்பி விடுகின்றனர் என்ற மனக்குறை நெடுங்காலமாகவே உள்ளூராரிடம் இருந்து வந்தது. அதைத் தீர்க்கும் பொருட்டு, ஹைதராபாத்தில் பிறந்தவரோ, அல்லது 15 ஆண்டுகள் தொடர்ந்து குடியிருந்து நிலைத்துவிட்டவரோதாம் சர்க்கார் உத்தியோகம் பெறலாம் என்று 1919-இல் நிஜாம் பர்மான் பிறப்பித்தார். மன்னராட்சியில் பிறந்த இவ்விதி, மன்னராட்சி மறைந்த பின்னரும் சாகவில்லை என்பதை நேயர்கள் பின்னர்க் காண்பார்கள்.

1947-ஆம் ஆண்டு நவம்பரில் கையெழுத்தான ‘இருந்தபடி இருக்கும்’ ஒப்பந்தமும், ரஜாக்கர்களின் அட்டூழியங்களும், தெலுங்கானாக் குடியானவர்களின் ஆயுதப் போராட்டமும், 1948 செப்டம்பர் 13-ஆம் தேதி தொடங்கி ஐந்தே நாட்களில் முடிந்த போலீஸ் நடவடிக்கையும் பலரும் அறிந்தவை. அச்சமயத்தில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் இந்தியாவின் வாதத்தை எடுத்துரைத்தவர் சர் ஆர்க்காடு ராமசாமி முதலியார் என்பதை மட்டும் இங்கே குறித்துச் செல்வோம். நமக்கு வேண்டியது அதன் பின் நிகழ்ந்தது.

மேஜர் ஜெனரல் ஜே. என். சௌத்ரி ராணுவ கவர்னரானார். அவருடைய ஆட்சி ஓராண்டுக்குச் சற்று மேலாக நடந்தது. அவ்வோராண்டில் நிகழ்ந்த மாறுதல் நூறாண்டு மாறுதலுக்கு நிகர் என்று சொல்வது மிகையாகாது. சர்ப்-எ-காஸ் நிலங்கள் சர்க்கார் நிலங்களுடன் சேர்க்கப்பட்டன. 1949 ஆகஸ்டில் ஜாகீர் முறை ஒழிந்தது. அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் தேதி நிஜாம் ஒரு பர்மானைப் பிறப்பித்து, இந்திய அரசியல் நிர்ணய சபை வகுக்கும் அரசியல் சட்டமே தம் நாட்டுக்கும் அரசியல் சட்டமாகும் என்று ஏற்றுக்கொண்டார். தமக்கு மேற்பட்டதொரு சட்டம் உண்டு என்பதை ஒரு மன்னர் தம் பர்மானாலேயே அறிவித்தது விந்தைதான்! 1949 டிசம்பரில் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். வகுப்பைச் சேர்ந்த எம். கே. வெல்லோடி சிவில் நிர்வாகத்தின் தலைமையை ஏற்றார். 1950 ஜனவரி 26 முதல் அவரே முதன் மந்திரி என அழைக்கப்பட்டார். ஆனால் அவரை எந்தச் சட்டசபையும் தேர்ந்தெடுக்கவில்லை; மத்திய சர்க்காரே நியமித்தது.

இங்கே 1950-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ராஜ்யங்களை எவ்வாறு வகுத்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தல் தகும். ஏனெனில் அவ்வகுப்பு இன்று பலருக்கு மறந்து போயிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ராஜ்யங்கள் யாவும் சட்டத்தின் முன் சரிசமானமானவை. இந்தியாவிலோ தொடக்கத்தில் நான்கு படிகள் இருந்தன. சென்னை, பம்பாய் போன்ற பழைய மாகாணங்கள் ‘ஏ’ பிரிவு. அவற்றுக்குத் தலைவர் கவர்னர். ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர்-கொச்சி, ராஜஸ்தான் முதலிய சமஸ்தானங்களும் சமஸ்தானச் சேர்க்கைகளும் ‘பி’ பிரிவு. அவற்றுக்குத் தலைவர் ராஜப்பிரமுகர். சீஃப் கமிஷனர் போன்றோர் மூலம் மத்திய சர்க்காரே ஆண்ட சிறு பகுதிகள் ‘சி’ பிரிவு. அந்தமான், நிக்கோபார் தீவுகள் ‘டி’ பிரிவு.

கவர்னருக்கும் ராஜப்பிரமுகருக்கும் பெயரில் மட்டுமே வேற்றுமை என்று சிலர் எண்ணினர். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு, ஒரு சட்டத்தில் இரு சொற்கள் வந்தால் இரண்டும் ஒன்றே என்று கொள்ள மனம் இடந்தருவதில்லை. கவர்னர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர். பெரும்பாலும் வேறு ராஜ்யத்திலிருந்து வருபவர். ஐந்தாண்டு முடிந்ததும் போய்விடுபவர். ராஜப்பிரமுகரை ஜனாதிபதி நியமிப்பதில்லை, ‘அங்கீகரிக்கிறார்’. நேற்று வரை அந்நாட்டை ஆண்டவரையே இன்று அதன் சட்டபூர்வமான தலைவராக ஏற்றல் என்பது அதன் பொருள். நிஜாம் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மன்னர் மானியம் பெற்றுக்கொண்டு, கிங் கோட்டி மாளிகையில் இருந்தபடியே, தம் மந்திரிகள் அனுப்பும் காகிதங்களில் ராஜப்பிரமுகர் என்ற முறையில் கையொப்பம் இட்டு வந்தார். யாருக்குப் பொறுப்பாக மந்திரிகள் இருந்தனரோ அவரே அம்மந்திரிகளின் யோசனைக்குக் கட்டுப்பட்டவர் ஆயினார்.

இன்னொரு முக்கிய வேற்றுமையும் உண்டு. அன்றைய 371-ஆம் பிரிவின்படி, ‘பி’ பிரிவு ராஜ்யங்களின் சர்க்கார்கள் பத்தாண்டு காலத்துக்கு ஜனாதிபதியின், அதாவது மத்திய சர்க்காரின், பொது மேற்பார்வைக்கும் குறிப்பான கட்டளைகளுக்கும் உட்பட்டவை. பொறுப்பாட்சிப் பழக்கம் இல்லாத சமஸ்தானங்கள் நடை பழகும் வரை கையைப் பிடித்துக்கொள்வது நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் சென்னைக்கு இல்லாத கண்காணிப்பு ஹைதராபாத்துக்கு மட்டும் ஏன் என்று கேட்டோருக்குத் திருப்தியான விடை கூறுவது எளிதன்று. ரயில்வே 1950 ஏப்ரலில் மத்திய சர்க்காரிடம் போயிற்று. தபாலும் படையும் போயின. ஹாலி சிக்கா மட்டும் சில ஆண்டுகள் இந்திய நாணயத்தோடு உடன் உலவிப் பின் மறைந்தது.

1952-இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. சட்டசபையில் 175 இடங்கள். மேல் சபை இல்லை. ‘பி’ பிரிவு ராஜ்யங்களுள் மைசூருக்கு மட்டுமே அது இருந்தது. மார்ச் மாதத்தில் பூர்குல ராமகிருஷ்ண ராவ் மக்கள் தேர்ந்த முதல் முதன் மந்திரியாகப் பதவி ஏற்றார். பல மொழிகளில் புலமை வாய்ந்த அவர் அப்பதவிக்கு மிகப் பொருத்தமானவரே. ஏனெனில் அவருடைய ராஜ்யத்தில் இருந்த 16 ஜில்லாக்களில் எட்டு தெலுங்கு ஜில்லாக்கள், ஐந்து மராத்தி ஜில்லாக்கள், மூன்று கன்னட ஜில்லாக்கள். ஆட்சி மொழியாக இருந்து வந்த உருதுவோ எந்த ஜில்லாவுக்கும் தனி உரிமையுடையதன்று, எல்லா ஜில்லாக்களிலும் பரவியது.

புதிய சர்க்காருக்கு அரையாண்டு நிறைவதற்குள் முதற் சோதனை வந்தது. போலீஸ் நடவடிக்கைக்குப் பின் நிர்வாகத்தைச் சீர் செய்யும் பொருட்டுச் சென்னை முதலிய மாகாணங்களிலிருந்து பல அதிகாரிகளும் ஆசிரியர்களும் வரவழைக்கப்பட்டனர். அவர்களுடன், போலிச் சான்றிதழ் பெற்று முல்கியாக வேடமிட்டு நுழைந்தவர்களும் பலர் என்று மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1952 செப்டம்பரில் ஹைதராபாத் வீதிகளில் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து உயிர்கள் போயின. ஒரு ராஜ்யத்தின் அமைப்பைப் பற்றிப் பேசுவோர் சட்டசபை, மந்திரி சபை என்றே பேசுகின்றனர். சாதாரண மனிதன் சர்க்காரைக் காண்பதோ தாலூகாக் கச்சேரியில், பள்ளிக்கூடத்தில், ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால். அம்மேஜைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார், தம் பிள்ளை அங்கு உட்கார முடியுமா என்பதே அவனுக்கு ராஜ்ய அமைப்பு.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ஆம் தேதி உண்ணாவிரதத்தில் உயிர் நீத்ததையும், அதன் விளைவாக 1953 அக்டோபர் முதல் தேதி சென்னையிலிருந்து பிரிந்து கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் தோன்றியதையும் தமிழ் மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பின் பஸல் அலி, ஹிருதயநாத குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பர் 30-ஆம் தேதி அறிக்கை தந்தது. மராத்தி, கன்னட ஜில்லாக்களைப் பிரித்துவிடலாம் என்றது. தெலுங்கானாவைப் பற்றி அது கூறியதுதான் கவனிக்கத் தக்கது. ஆந்திரத்துடன் சேர்வதால் வரும் நன்மைகளை ஒப்புக்கொண்ட அக்கமிஷன், தெலுங்கானா மக்களின் அச்சங்களையும் ஒப்புக்கொண்டது. கல்வியில் முந்திக்கொண்ட கடலோர ஆந்திரர் உத்தியோகங்களில் ஆதிக்கம் பெறுவர் என்பது ஓர் அச்சம். தெலுங்கானாவின் வருமானம் ஆந்திரத்தின் பற்றாக்குறைக்குச் செலவாகிவிடும் என்பது மற்றோர் அச்சம். ஆகவே ஹைதராபாத் என்ற பெயரிலேயே அப்பகுதி தற்போது தனி ராஜ்யமாக இருக்கட்டும். 1961-ஐ ஒட்டி வரும் பொதுத் தேர்தலுக்குப் பின் அதன் சட்டசபை மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையால் விரும்பினால் ஆந்திரத்துடன் சேரலாம் என்பது கமிஷனின் யோசனை.

இந்த யோசனை ஏற்கப்படவில்லை. காத்திருப்பதற்குப் பதிலாகப் பேசி முடித்துவிடலாம் என்று தலைவர்கள் எண்ணினர். 1956 பிப்ரவரி 20-ஆம் தேதி டில்லியில் ஹைதராபாத் மாளிகையில் இரு பக்கத்திலும் நால்வர் நால்வராகக் கூடினர். ஆந்திரத்தின் பக்கம் கோபால ரெட்டி, சஞ்சீவ ரெட்டி, லச்சன்னா, சத்தியநாராயண ராஜு. தெலுங்கானாவின் பக்கம் ராமகிருஷ்ண ராவ், ரங்கா ரெட்டி, சென்னா ரெட்டி, நரசிங்க ராவ். அன்று கையெழுத்தானதைப் பத்திரிகைகள் ‘ஜென்டில்மென் ஒப்பந்தம்’ என்றன. கனவான்கள் வாக்கையே பிணையாகக் கொண்டது, கோர்ட்டுக்குக் கொண்டு செல்லத் தகாதது என்பதே அப்பெயரின் பொருள். தமிழில் ‘பெரிய மனிதர் ஒப்பந்தம்’ என்று எழுதினால் சற்றே கேலி தொனிக்கும். பின்னால் நடந்ததைப் பார்க்கையில் அக்கேலி பொருந்தாமலும் இல்லை.

அவ்வொப்பந்தத்தின் ஷரத்துக்கள் ஓர் ராஜ்யத்தின் உள் அமைப்பையே மாற்றி வகுத்தவை. மந்திரி சபையில் நூற்றுக்கு அறுபது ஆந்திரத்துக்கு, நாற்பது தெலுங்கானாவுக்கு. முதன் மந்திரி ஒரு பகுதியினரானால் துணை முதன் மந்திரி மறு பகுதியினராதல் வேண்டும். உள்துறை, நிதி, ரெவின்யூ, திட்டமும் அபிவிருத்தியும், வர்த்தகமும் கைத்தொழிலும் ஆகிய ஐந்தில் இரண்டேனும் தெலுங்கானா மந்திரிகளிடம் இருக்க வேண்டும். பொதுச் செலவை இரு பகுதிகளும் விகிதப்படி ஏற்க வேண்டும். தெலுங்கானாவில் மிஞ்சும் வருமானம் தெலுங்கானாவிலேயே செலவாக வேண்டும். அங்கே விவசாய நிலம் விற்பது கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். இவற்றை எல்லாம் காப்பதற்கு 20 பேர் கொண்ட பிரதேசக் கவுன்சில் ஒன்று இருக்க வேண்டும்.

1956 நவம்பர் முதல் தேதி பிரதம மந்திரி நேரு ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் ஏழாவது திருத்தத்தின் மூலம் ‘ஏ’, ‘பி’ பிரிவுகள் ஒழிந்தன. ராஜப்பிரமுகர் பதவியும் ஒழிந்தது. 1724-இல் தொடங்கிய ஆசப் ஜாஹி வமிசத்துக்கும் ஹைதராபாத் ஆட்சிக்கும் இருந்த கடைசிச் சட்டத் தொடர்பு அன்று அறுந்தது. கவர்னராக சி. எம். திரிவேதி பதவியேற்றார். சஞ்சீவ ரெட்டி முதன் மந்திரியானார். ராமகிருஷ்ண ராவ் கேரளத்துக்குக் கவர்னராகச் சென்றார். ஒப்பந்தம் கூறிய துணை முதன் மந்திரியோ அம்முதல் மந்திரி சபையில் இடம் பெறவில்லை. முதல் நாளன்றே ஒரு ஷரத்து வெறும் எழுத்தாயிற்று.

பிரதேசக் கவுன்சில் என்னவாயிற்று? 371-ஆம் பிரிவு திருத்தி எழுதப்பட்டு, ஆந்திரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் சட்டசபையின் பிரதேசக் கமிட்டிகளை அமைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்தது. அதன்படி 1958-இல் ஜனாதிபதியின் உத்தரவு பிறந்தது. ‘கவுன்சில்’ ‘கமிட்டி’ ஆனது வெறும் பெயர் மாற்றம் அன்று. கவுன்சில் என்றால் தனித்து நிற்பது. கமிட்டி என்றால் மற்றொன்றின் அங்கமாக இருப்பது. தெலுங்கானாவின் சட்டசபை மெம்பர்களே அக்கமிட்டியின் மெம்பர்கள். ஸ்தல சுயாட்சி, பொதுச் சுகாதாரம், ஆரம்ப, உயர்நிலைக் கல்வி, விவசாயம், கூட்டுறவு, குடிசைத் தொழில், சந்தைகள் முதலிய பொருள்கள் பற்றிய மசோதாக்கள் அதன் பார்வைக்கு வரவேண்டும். கமிட்டி கூறியதை சர்க்காரோ சட்டசபையோ ஏற்காவிட்டால், கவர்னரின் முடிவே இறுதி முடிவு.

நம் அரசியல் சட்டத்தில் கவர்னர் தம் மந்திரி சபையின் சொற்படி நடக்க வேண்டியவர். இங்கோ மந்திரி சபைக்கும் கமிட்டிக்கும் வழக்கு நேர்ந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவரே. கருத்தளவில் இது துணிவான ஏற்பாடுதான். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு மாகாணத்துக்குள் இத்தகைய உள்-சட்டசபை இருந்ததில்லை. ஆனால் நடைமுறை வேறு. கமிட்டி மெம்பர்களில் பெரும்பாலோர் ஆளும் கட்சியினர். தம் கட்சியின் மந்திரி சபையோடு மோதிக் கவர்னரிடம் வழக்குரைக்கும் ஊக்கம் அவர்களுக்கு எங்ஙனம் வரும்? எல்லாவற்றுக்கும் மேலாக, கமிட்டியிடம் தனிக் கஜானா இல்லை. மிஞ்சும் வருமானம் என்பதைக் கணக்கிடுவதும் செலவிடுவதும் நிதி இலாகாவின் கையில் இருந்தன. கேட்கும் உரிமை ஒருவரிடமும் பணப்பெட்டி வேறொருவரிடமும் இருந்தால் கேட்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது நம் கூட்டுக் குடும்பங்களில் வாழ்ந்தவர்க்குத் தெரியும். 1969-இல் லலித் கமிட்டி கணக்கெடுத்தபோது, செலவிடப்படாத தெலுங்கானா மிகுதி ஏறக்குறைய 34 கோடி ரூபாய் என்றது. பின்னர் நீதிபதி பார்கவா கமிட்டி அதை 28 கோடி என்று குறைத்தது. எவ்வளவு என்பதில்தான் தகராறு. உண்டு என்பதில் இல்லை.

உத்தியோக விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உத்தியோகத்துக்கு ஒரு ராஜ்யத்தில் குடியிருப்பை நிபந்தனையாக விதிக்கப் பார்லிமெண்டுக்கு இடம் தருகிறது. அதைக் கொண்டு 1957-இல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், தெலுங்கானாவில் குடியிருப்பை நிபந்தனையாக்கியது. 1969 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, ராஜ்யத்தில் குடியிருப்பு என்றால் முழு ராஜ்யத்திலும் என்பதே பொருள், ராஜ்யத்தின் ஒரு பகுதியில் என்று பொருள் கொள்ள இயலாது எனக் கூறி அதைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் சொல்லை நோக்கினால் குறை கூற முடியாத தீர்ப்பு. ஆனால் அச்சொல்லின் மேல்தான் 1956-ஆம் ஆண்டு வாக்குறுதி அமர்ந்திருந்தது. அவ்வாண்டு தொடக்கத்திலிருந்தே கொதித்துக்கொண்டிருந்த தனித் தெலுங்கானாக் கிளர்ச்சி மேலும் மூண்டது. பல இளைஞர்கள் மாண்டனர். கல்லூரிகள் மூடிக் கிடந்தன. 1971 லோக சபைத் தேர்தலில் தெலுங்கானாப் பிரஜா சமிதி அப்பகுதியின் 14 இடங்களில் பத்தைக் கைப்பற்றியது. அதன் தலைவர் சென்னா ரெட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். பின்னாளில் அவரே ஐக்கிய ஆந்திரப் பிரதேசத்துக்கு இருமுறை முதன் மந்திரியாகவும் இருந்தார்!

1972 அக்டோபர் 3-ஆம் தேதி மறுபுறம் இடி விழுந்தது. நிஜாம் காலத்து முல்கி விதிகள், அரசியல் சட்டம் அமலுக்கு வருமுன்னரே இருந்தவை ஆதலின், பார்லிமெண்ட் ரத்துச் செய்யும் வரை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதாவது, ஜனநாயகப் பார்லிமெண்ட் செய்த சட்டம் செல்லாது. மன்னரின் பர்மான் செல்லும்! இப்போது கடலோர ஆந்திரத்திலும் ராயலசீமையிலும், சொந்தத் தலைநகரிலேயே நாம் அந்நியரா என்று கேட்டு ‘ஜெய் ஆந்திரா’ இயக்கம் கிளம்பியது. அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருந்தது. முதன் மந்திரி நரசிம்ம ராவ் விலகினார். 1973 ஜனவரி முதல் டிசம்பர் வரை ஜனாதிபதி ஆட்சி நடந்தது.

இவ்விரு கிளர்ச்சிகளுக்கும் இடையே கண்ட சமரசமே 1973 செப்டம்பர் 21-ஆம் தேதி வெளிவந்த ஆறு அம்சத் திட்டம். முல்கி விதிகளும் போயின. பிரதேசக் கமிட்டியும் போயிற்று. 32-ஆம் திருத்தத்தின் மூலம் 371-டி என்னும் பிரிவு வந்தது. அதன் கீழ் 1975-இல் பிறந்த உத்தரவு ராஜ்யம் முழுவதையும் ஆறு மண்டலங்களாக்கி, குமாஸ்தா நிலை உத்தியோகங்களில் நூற்றுக்கு 80-ம், அதற்கு மேல் 70-ம், 60-ம் என்று அந்தந்த மண்டலத்தாருக்கு ஒதுக்கியது. தெலுங்கானாவுக்கு மட்டும் இருந்த சலுகை எல்லாப் பகுதிக்கும் உரியதாயிற்று. புத்திசாலித்தனமான தீர்வு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நம் கருத்தில் அதில் ஒரு பெருங்குறை உண்டு. உத்தியோகத்துக்குக் காவல் கிடைத்தது. பணத்துக்கும் நீருக்கும், தெலுங்கானாவின் குரலாகச் சட்டசபைக்குள் இருந்த ஒரே அமைப்பு, பலவீனமானதேனும், இல்லாமற் போயிற்று. வீட்டில் தகராறு செய்யும் தம்பியின் அறையை எடுத்துவிட்டால் தகராறு ஓயும் என்று எண்ணியது போன்ற செயல் அது.

மற்ற மாறுதல்களை விரைவாகக் கூறி முடிக்கலாம். 1958-இல் வந்த மேல் சபையை 1985-இல் என். டி. ராம ராவ் சர்க்கார் கலைத்தது. அடுத்த ஆண்டில் தமிழ்நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஹைதராபாத்தில் 2007-இல் அது மீண்டும் வந்தது, சென்னையில் வரவில்லை. 1984 ஆகஸ்டில் கவர்னர் ராம் லால் சட்டசபையைக் கேளாமலே ராம ராவை நீக்கி பாஸ்கர ராவை முதன் மந்திரியாக்கினார். ஒரு மாதத்துக்குள் கவர்னரும் மாறினார், ராம ராவும் திரும்பினார். பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் கவர்னரின் மாளிகை அன்று, சட்டசபை மண்டபமே என்று 1994-இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறுவதற்குப் பத்தாண்டு முன்னரே ஹைதராபாத் மக்கள் தெருவில் இறங்கி அதைக் கூறிவிட்டனர்.

கடைசி மாறுதலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு ராஜ்யத்தைப் பிளந்து இன்னொன்று ஆக்க அந்த ராஜ்யச் சட்டசபையின் இசைவு வேண்டும். 1863-இல் உள்நாட்டுப் போரின் நடுவே மேற்கு விர்ஜீனியாவைப் பிரித்தபோதுகூட, ஐக்கியத்துக்கு ஆதரவான ஒரு விர்ஜீனிய சர்க்காரைக் காட்டியே அவ்விசைவைப் பெற்றதாகக் கணக்குச் செய்தார்கள். நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கேட்பது இசைவு அன்று, ‘கருத்து’ மட்டுமே. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை 2014-ஆம் ஆண்டு காட்டிற்று. ஜனவரி 30-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசச் சட்டசபை பிரிவினை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பால் நிராகரித்தது. பிப்ரவரியில் பார்லிமெண்டின் இரு சபைகளும் அதை நிறைவேற்றின. ஜூன் 2-ஆம் தேதி தெலுங்கானா பிறந்தது. 1956-இல் மூன்றில் இரு பங்கு இசைவு கேட்கப்படாமலே சேர்ந்தது. 2014-இல் இசைவு மறுக்கப்பட்டும் பிரிந்தது.

பிரிவினைச் சட்டம் ஹைதராபாத்தைப் பத்தாண்டுக்கு மேற்படாமல் பொதுத் தலைநகர் ஆக்கியது. இரு ராஜ்யங்களுக்கும் சில காலம் கவர்னர் ஒருவரே. நகரில் வாழ்வோரின் உயிர், உடைமை, சுதந்திரம் ஆகியவற்றைக் காப்பதில் தெலுங்கானாக் கவர்னருக்குத் தனிப் பொறுப்பை அச்சட்டத்தின் எட்டாம் பிரிவு தந்தது. மந்திரிகளைக் கலந்துகொண்டு தம் சொந்த முடிவின்படி அவர் நடக்கலாம் என்றது. 1958-ஆம் ஆண்டுக் கவர்னரின் நிழல் இதில் தெரிகிறது அல்லவா? ஒரே வளாகத்தில் இரு சட்டசபைகளும், ஒரே தலைமைச் செயலகச் சுற்றுக்குள் இரு சர்க்கார்களும் அருகருகே இயங்கின. ஆந்திரர் அத்தனை நாள் காத்திருக்கவில்லை. 2017 மார்ச்சில் அவர்கள் சட்டசபை அமராவதிப் பகுதியில் வேலகபூடியில் கூடியது. 2019 ஜனவரி முதல் ஹைக்கோர்ட்டும் பிரிந்தது. 2024 ஜூன் 2-ஆம் தேதி பத்தாண்டும் முடிந்தது. ஆறாம் நிஜாம் கட்டிய சைபாபாத் மாளிகை இருந்த பழைய செயலக வளாகத்தில் இப்போது 2023-இல் திறந்த புதிய செயலகம் நிற்கிறது. உடும்பு ஒன்று குறுக்கே போனதால் அம்மாளிகையை நிஜாம் பூட்டச் சொல்லிவிட்டார், அதனால்தான் அது ஆபீசுகளுக்குக் கிடைத்தது என்று இவ்வூரார் சொல்வார்கள்.

தெலுங்கானாவின் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 119 பேர். மேல் சபைக்கு 40 பேர். பத்து ஜில்லாக்களாக இருந்தது 2016-இல் 31 ஆகி, 2019-இல் 33 ஆயிற்று. ஆனால் 371-டி பிரிவு போகவில்லை. பிரிந்த இரு ராஜ்யங்களுக்கும் அது இன்றும் செல்லும். 2018-இல் ஜனாதிபதி பிறப்பித்த புதிய உத்தரவு தெலுங்கானாவை ஏழு மண்டலங்களாகவும், அவற்றை இரு பெரு மண்டலங்களாகவும் வகுத்து, நூற்றுக்கு 95 உத்தியோகங்களை உள்ளூராருக்கு ஒதுக்கியது. உள்ளூரார் யார் என்பதற்கு இப்போது பர்மான் இல்லை, பதினைந்தாண்டுக் குடியிருப்பும் இல்லை. முதல் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையில் குறைந்தது நான்காண்டுகள் எந்த ஜில்லாவில் படித்தார் என்பதே அளவுகோல். ஹைதராபாத்தில் உத்தியோகத்துக்கு மனுப்போடும் பிள்ளைகள், தாம் படித்த ஆரம்பப் பள்ளிக்கு அச்சான்றிதழ் கேட்டுப் போய் நிற்கின்றனர்.